மாக்கோழியும் கலக்கோழியும்

உணவின் வரலாறு வேறு, அறத்தின் வரலாறு வேறு என்று பிரித்துக் காண்பது எளிதன்று. எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு சமுதாயமும் தன் காலத்துக்கேற்ப விடை கண்டு வந்திருக்கிறது. அவ்விடைகள் சமயத்தாலும் பொருளாதாரத்தாலும் விஞ்ஞானத்தாலும் மாறியும் வந்திருக்கின்றன. அத்தகைய மாற்றங்களுள் ஒன்று சிங்கப்பூரில் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், உயிருள்ள விலங்கின் உடலில் வளராது, ஆலையின் கலத்துள் வளர்ந்த கோழியிறைச்சியை மக்களுக்கு விற்கச் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஒப்புதல் வழங்கியது. இத்தகைய ஒப்புதல் உலகிலேயே முதன்முறையாக வழங்கப்பட்டது இங்குத்தான்.

அமெரிக்க நிறுவனமாகிய ஈட் ஜஸ்ட் உருவாக்கிய அவ்விறைச்சி, அதே திங்கள் 19ஆம் நாள் ராபர்ட்சன் கீ பகுதியிலுள்ள உணவகம் ஒன்றில் முதன்முதலாகப் பரிமாறப்பட்டது. தைப்பூசக் காவடிகள் வந்து நிறைவுறும் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் அவ்விடத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. காவடி எடுப்போர் பல நாள் புலால் நீக்கி நோன்பிருந்து வந்தடையும் கோயிலுக்கு அண்மையில், கொலையின்றிப் பெற்ற ஊன் முதன்முறையாக இலையேறியது. கொல்லாது பெற்ற ஊனைப் புலால் மறுத்தவர் உண்ணலாமா என்னும் வினா அன்றே பிறந்தது. தமிழ் இலக்கியத்தைக் கற்பாருக்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. இதன் வேர்கள் குறளிலும் காப்பியங்களிலும் உள்ளன.

தேக்காவின் இருமுகம்

சிங்கப்பூர்த் தமிழர் வாழ்வில் புலாலும் சைவமும் எவ்வாறு அடுத்தடுத்து இருந்து வந்தன என்பதற்குச் சிராங்கூன் சாலையின் வரலாறே சான்று. இன்று லிட்டில் இந்தியா எனப்படும் அப்பகுதி, 19ஆம் நூற்றாண்டில் கால்நடை வாணிகத்தால் வளர்ந்தது. நீர்வளமும் புல்வளமும் மிக்கிருந்த அவ்விடத்தில் மாடுகளும் எருமைகளும் அடைக்கப்பட்டன. மலாய் மொழியில் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் பெயர் எருமைத் தொழுவத்தைக் குறிப்பது. எருமைச் சாலை என்னும் தெருப்பெயரும், கால்நடை வணிகர் பெலிலியோசின் பெயர் தாங்கிய சாலையும் அக்காலத்தின் எச்சங்கள். ‘தேக்கா’ என்பதோ சிறு மூங்கிலின் அடி எனப் பொருள்படும் சீனச் சொற்றொடரின் திரிபு.

கால்நடைத் தொழுவங்கள் மறைந்தன. 1915இல் எழுந்த பழைய சந்தைக்கு ஈடாக 1982இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய தேக்கா நிலையம். அதன் கீழ்த்தளத்தில் ஆட்டிறைச்சியும் கோழியும் மீனும் விற்கப்படுகின்றன. அங்கிருந்து சில நிமிட நடையில் சைவ உணவகங்கள் உள்ளன. 1924இல் தொடங்கப்பட்ட ஆனந்த பவனும், 1947இல் தொடங்கப்பட்ட கோமள விலாசும் தலைமுறைகளைக் கடந்து இந்நகருக்குச் சைவ உணவளித்து வருபவை. ஆண்டு முழுதும் சைவம் உண்பாரும், வெள்ளிக்கிழமை மட்டும் நீக்குவாரும், புரட்டாசித் திங்களிலும் தைப்பூசம், தீமிதி நோன்புக் காலங்களிலும் மட்டும் நீக்குவாரும், எந்நாளும் நீக்காதாரும் ஒரே குடும்பத்தில் இருத்தல் கூடும். சைவம் என்பது இவர்களுள் ஒருவருக்குக் கொல்லாமை விரதம். மற்றொருவருக்கு அது வழிபாட்டுத் தூய்மை. வேறொருவருக்குக் குலவழக்கம். இம்மூன்றும் இதுகாறும் ஒரே இலையில் ஒரே உணவாகவே தோன்றியமையால், அவற்றிடையே உள்ள வேறுபாட்டை ஆராய வேண்டிய தேவை எழவில்லை. கலத்தில் வளர்ந்த ஊன் அவ்வேறுபாட்டை வெளிப்படுத்திவிட்டது.

கலத்துள் வளர்ந்த வரலாறு

உடலுக்கு வெளியே தசையை வளர்க்கலாம் என்னும் எண்ணம் நூறாண்டுப் பழமையுடையது. 1912இல் அலெக்சிஸ் காரல் என்னும் மருத்துவ அறிஞர் நியூயார்க்கில் கோழிக்கருவின் இதயத் திசுவை உடலுக்கு வெளியே வளர்க்கும் ஆய்வைத் தொடங்கினார். 1931இல் வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிய எதிர்காலம் பற்றிய கட்டுரை ஒன்றில், கோழியின் நெஞ்சையோ சிறகையோ உண்பதற்காக முழுக்கோழியையும் வளர்க்கும் வீண்செயல் ஒருநாள் ஒழியும் என்று எதிர்பார்த்தார். அவ்வெதிர்பார்ப்பு மெய்ப்பட எண்பதாண்டுக்கு மேலாயிற்று. 2013 ஆகஸ்ட் 5ஆம் நாள் நெதர்லாந்துப் பேராசிரியர் மார்க் போஸ்ட், மாட்டின் உயிரணுக்களிலிருந்து வளர்த்த இறைச்சி அடை ஒன்றை இலண்டனில் சமைத்துக் காட்டச் செய்தார். அந்த ஓர் அடையை ஆக்க ஏறத்தாழ இரண்டரை இலட்சம் யூரோ செலவாயிற்று.

இதன் செய்முறையைச் சுருங்கக் கூறலாம். விலங்கின் உடலிலிருந்து சிறுதுணுக்குத் திசுவையோ முட்டையிலிருந்து உயிரணுக்களையோ எடுத்து, அவற்றுள் நன்கு பெருகுவனவற்றைத் தெரிந்து உறைநிலையில் சேமித்து வைப்பர். பின்னர் அவற்றை எஃகுக் கலத்துள் இட்டு, சர்க்கரை, அமினோ அமிலங்கள், உயிர்ச்சத்துகள், உப்புகள் கலந்த ஊட்டநீரில் தக்க வெப்பநிலையில் வளர்ப்பர். பல்கிய உயிரணுக்களைத் திரட்டி, தாவரப் புரதத்தோடு சேர்த்து உணவாக்குவர். முறையாக நிலைநாட்டப்பட்ட உயிரணு மரபு தொடர்ந்து பெருகும். ஒவ்வொரு முறையும் புதிய விலங்கைத் தேட வேண்டியதில்லை.

சிங்கப்பூர் இதில் முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இத்தீவு தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே பெறுகிறது. நிலம் குறுகியமையால் 1980களில் பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக ஒழிக்கத் தொடங்கிய நாடு இது. 2030ஆம் ஆண்டுக்குள் ஊட்டத்தேவையில் நூற்றுக்கு 30 பங்கை உள்நாட்டிலேயே விளைவிக்கும் குறிக்கோளை அரசு 2019இல் அறிவித்தது. 2025இல் அக்குறிக்கோளைக் கைவிட்டு, நார்ச்சத்துக்கும் புரதத்துக்கும் தனித்தனி இலக்குகளை 2035ஆம் ஆண்டுக்கு வகுத்தது. உணவுக்குப் பிறரைச் சார்ந்திருப்பதன் இடர் 2022 ஜூன் முதல் நாள் தெளிவாக விளங்கியது. அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழி வரவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. ஆகவே இந்நாட்டில் கலத்து ஊன் ஒப்புதல் பெற்றமைக்கு முதற்காரணம் உயிர்களின்பால் கொண்ட அருள் அன்று, உணவுப் பாதுகாப்பே எனலாம். ஆயினும் அரசு பாதுகாப்பு நோக்கித் திறந்த வாயில் அறவினாவுக்கும் வாயிலாயிற்று.

2024ஆம் ஆண்டு மே திங்களில் டெம்ப்சி சாலையிலுள்ள இறைச்சிக் கடையொன்றில் இவ்வகைக் கோழி சில்லறை விற்பனைக்கு வந்தது. அதில் கோழி உயிரணுக்கள் நூற்றுக்கு 3 பங்கே. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி தாவரப் பொருள். அதே ஆண்டில் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் காடையிறைச்சிக்கும் ஒப்புதல் கிட்டியது. பிற நாடுகளின் போக்கு ஒருபடித்தாக இல்லை. அமெரிக்கா 2023 ஜூனில் விற்பனைக்கு இசைந்தது. இத்தாலி அதே ஆண்டு நவம்பரில் தடைச்சட்டம் இயற்றியது.

வள்ளுவர் காட்டும் காரணங்கள்

தமிழ் மரபு புலாலைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை என்பதை முதற்கண் ஒப்புதல் வேண்டும். சங்கச் சான்றோர் ஊனுணவைக் கூச்சமின்றிப் பாடினர். புறநானூற்றின் 14ஆம் பாடலில் கபிலர், ஊனும் சோறும் உண்டு வேறு தொழில் அறியாமையால் தம் கை மென்மையுற்றது என்று சேரமன்னனிடம் கூறுகிறார். பெரியபுராணத்துக் கண்ணப்பர் தாம் சுவைத்த ஊனையே இறைவனுக்குப் படைத்து உயர்ந்தார். ஆயினும் புலால் மறுத்தலுக்கு அறநூல் அடிப்படை அமைத்தவர் வள்ளுவரே.

குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம், கொல்லாமை 33ஆம் அதிகாரம். இரண்டும் துறவறவியலில் வெவ்வேறாக வைக்கப்பட்டுள்ளமை நோக்கற்பாலது. கொல்லாமையும் உண்ணாமையும் ஒன்றே எனில் இரண்டு அதிகாரங்கள் வேண்டியதில்லை. புலால் மறுத்தலில் வள்ளுவர் கூறும் காரணங்களை மூவகையாகத் தொகுக்கலாம். முதலாவது, உண்பவன் உள்ளத்தைப் பற்றியது. தன் ஊனைப் பெருக்கப் பிறிதோர் உயிரின் ஊனை உண்பவனிடம் அருள் தங்காது என்பது அது. இரண்டாவது, உலகியலைப் பற்றியது. தின்பதற்காக வாங்குவார் இல்லையெனில் விலைக்காகக் கொன்று விற்பாரும் இல்லை என்பது அது. மூன்றாவது, பொருளின் இயல்பைப் பற்றியது. ஊன் என்பது பிறிதோர் உடம்பின் புண் என உணர்ந்தால் எவரும் உண்ணார் என்பது அது.

இம்மூன்று காரணங்களையும் கலத்து ஊன்மேல் வைத்து நோக்கினால் விளைவு வியப்பூட்டுவதாகும். இரண்டாம் காரணம் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. இவ்வூனை வாங்குவதால் கொலைத்தொழில் வளர்வதில்லை. மாறாக, கொன்று பெற்ற ஊனை வாங்குவோர் இதற்கு மாறினால் அத்தொழில் குறையும். மூன்றாம் காரணமும் தளர்கிறது. கலத்தில் வளர்ந்த தசை எவ்வுடம்பின் புண்ணும் அன்று. துணுக்குத் திசு எடுத்தபோது உண்டாகிய சிறுகாயம் ஒன்றே அதன் பழங்கதை. முதற்காரணம் மட்டும் வலிவோடு நிற்கிறது. ஆனால் அதுவும் வேறு வடிவில் நிற்கிறது. அருளில்லாமை பிறிதோர் உயிரின் துன்பத்தைப் பொருட்படுத்தாமையால் வருவதென்றால், துன்பமே இல்லாதவிடத்து அருள் எவ்வாறு கெடும்? அருள் கெடுவது ஊன்சுவையின்மேல் வைத்த ஆசையால் என்றால், அவ்வாசை இங்கும் உளது. இவ்விடத்தில் குறள் வாதத்தை முடித்து வைக்கவில்லை. கற்பாரைச் சிந்திக்க விட்டுச் செல்கிறது.

பௌத்தரும் சமணரும்

வள்ளுவர் கூறிய இரண்டாம் காரணம், அக்காலத்து நிலவிய ஒரு வாதத்துக்கு மறுப்பாகும் என்பது பரிமேலழகர் உரையால் விளங்கும். தான் கொல்லாது விலைக்கு வாங்கி உண்பவனுக்குக் கொலைப்பாவம் இல்லை என்பதே அவ்வாதம். பௌத்தத் துறவியருக்கு வகுக்கப்பட்ட பழைய விதியொன்று இதனோடு ஒப்பிடத்தக்கது. தமக்கெனக் கொன்றதைக் கண்ணால் காணாமலும் காதால் கேளாமலும் அவ்வாறிருக்குமோ என ஐயுறாமலும் பெற்ற ஊனைப் பிச்சையாக ஏற்கலாம் என்பது அவ்விதி.

மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கதை இங்கு நினைவுகூரத்தக்கது. கலம் கவிழ்ந்து நாகர் வாழும் மலைநாட்டை அடைந்த அவன், கள்ளையும் ஊனையும் மறுத்து அவர்தம் தலைவனுக்கு அறம் உரைக்கிறான். அந்நாகர் கடலோடிகளைக் கொன்று தின்போர். அவர்களை ஒரே நாளில் முழுச்சைவராக்க முயலாமல், மூப்பால் தாமே இறக்கும் விலங்குகளை ஒழித்து ஏனைய உயிர்களுக்குத் தீங்கு செய்யாதிருக்குமாறு கூறுகிறான். கொலையே பாவம், கொலையின்றிக் கிடைத்த ஊன் அத்துணைக் குற்றமுடையதன்று என்னும் கொள்கை இதனுள் பொதிந்துள்ளது. கேட்பவன் நிலையறிந்து படிப்படியாக உயர்த்தும் ஆசிரியத் திறமும் இதனுள் உண்டு.

சமணர் இதனை ஏற்கவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி, பௌத்தர் ஊனுண்பதைக் கடுமையாகச் சாடுகிறது. வடமொழியில் அமிர்தசந்திரர் இயற்றிய புருஷார்த்த சித்தியுபாயம் இன்னும் ஒருபடி மேற்சென்று, தானே இறந்த எருமையின் ஊனிலும் நுண்ணுயிர்கள் தோன்றுவதால் அதனை உண்பதும் இம்சையே என்கிறது. சமணர்க்கு ஊன் என்பது எவ்வழியில் வந்தாலும் உயிர்த்திரளே.

ஆயினும் கலத்து ஊனுக்கு மிக நெருங்கிய ஒப்புமை சமணக் காப்பியங்களிலேயே வேறிடத்தில் உள்ளது. அது போலிப்பலி பற்றியது. நீலகேசியின் தொடக்கத்தில், காளிகோயிலுக்கு உயிர்ப்பலி கொண்டுவந்த மக்களை முனிச்சந்திரர் என்னும் சமணமுனிவர் தடுத்து, மண்ணால் செய்த உருவங்களைப் படைக்கும்படி திருப்புகிறார். அப்போலி உயிர்களைக் காக்கிறது. ஆகவே அது நல்லறமாகிறது. மற்றொரு சிறுகாப்பியமாகிய யசோதர காவியத்திலோ இதற்கு மாறான நிகழ்ச்சி வருகிறது. உயிர்ப்பலி இடுமாறு தாய் வற்புறுத்த, கொல்ல அஞ்சிய யசோதரன் மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். எவ்வுயிரும் போகவில்லை. எனினும் தாயும் மகனும் பல விலங்குப் பிறவிகளில் உழன்று துன்புறுகின்றனர். வாளை ஓங்கிய கையின் எதிரே இருந்தது மாவே. ஓங்கிய மனத்தின் எதிரே இருந்ததோ உயிர்க்கோழி. கொலை எண்ணமே அவர்தம் வினையாயிற்று.

ஒரே சமயத்தைச் சார்ந்த இரண்டு காப்பியங்கள் போலிப்பொருளைப் பற்றி இருவேறு முடிவு கூறுவது முரண்போல் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் முரண் இல்லை. மண்ணுருவம் படைத்தவர் கொலையினின்று விலகி நடந்தனர். மாக்கோழியை வெட்டியவன் கொலையின் பயனை விழைந்து அதனை நோக்கி நடந்தான். பொருள் ஒன்றுபோல் இருப்பினும் மனம் செல்லும் திசை வேறு. கலக்கோழியை ஆராய்வாருக்கு இவ்விரு கதைகளும் அளவுகோலாக உதவும். நாள்தோறும் கொன்ற கோழியை உண்டு வந்த ஒருவர் கலக்கோழிக்கு மாறுவாராயின், அவர் மண்ணுருவம் படைத்த மக்களைப் போன்றவர். அவர் செயல் அறத்தின் பாற்பட்டதே. முன்பே புலால் துறந்த ஒருவர் கலக்கோழியை நாடுவாராயின், அவரை யசோதரனோடு ஒப்பிடுதல் பொருந்துமா? பொருந்தாது. யசோதரன் கொலையாகவே எண்ணி வெட்டினான். இவரோ கொலையில்லை என்று தெளிந்தே உண்கிறார். எனினும் மாக்கோழிக் கதை இவருக்கும் ஓர் எச்சரிக்கை தருகிறது. கையில் குற்றமில்லை என்பதனாலேயே மனத்தை ஆராயாது விடலாகாது என்பதே அது.

வள்ளலார் பிரித்துக் காட்டிய இரண்டு வினாக்கள்

19ஆம் நூற்றாண்டில் கொல்லாமை அறத்தைப் பசிதீர்த்தல் என்னும் செயலோடு இணைத்தவர் வடலூர் இராமலிங்க அடிகள். 1867இல் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலை இன்றும் பசித்தவர்க்கு உணவளிக்கிறது. அவரது சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில், தாவரங்களுக்கும் உயிருண்டே, அவற்றை உண்பது கொலையாகாதா என்னும் ஐயம் எழுப்பப்பட்டு விடை கூறப்படுகிறது. வித்து, காய், கனி, தழை முதலியவற்றைக் கொள்ளும்போது உயிர்க்கொலை நிகழ்வதில்லை என்பது அடிகளின் முடிவு. அவ்வாராய்ச்சியில் நகம், உரோமம் போன்றவற்றையும் ஒப்புக்கு எடுத்துக்கொண்டு, துன்பம் உண்டாகிறதா என்னும் வினாவையும், அசுத்தம் உண்டாகிறதா என்னும் வினாவையும் தனித்தனியே வைக்கிறார்.

இப்பகுப்பு இன்றைய வினாவுக்குப் பெரிதும் துணை செய்வது. விலங்கைக் கொல்லாமலும் வருத்தாமலும் எடுத்த சில உயிரணுக்களிலிருந்து வளர்ந்த பொருளில் துன்பம் உண்டா என்பது ஒரு வினா. அது தூயதா என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விஞ்ஞானமும் அறிவும் விடை கூறலாம். பின்னதற்கு வழிபாட்டு மரபும் நோன்பு நெறியுமே விடை கூற வேண்டும். இரண்டையும் குழப்பி, தூய்மையின்பாற்பட்ட மறுப்பைக் கொல்லாமையின் பெயரால் கூறுவது நேர்மையாகாது. சைவ உணவு சில சமூகங்களில் குலவுயர்வின் அடையாளமாகவும், ஊனுண்பாரை இழிவாக நோக்கும் கருவியாகவும் பயன்பட்டது என்பது மறைக்கவியலாத வரலாறு. கலத்து ஊனைக் கண்டு ஒருவர் உள்ளத்தில் எழும் வெறுப்பு, உயிரின்மேல் கொண்ட இரக்கத்தால் எழுவதா, உண்பவர்மேல் கொண்ட ஏளனத்தால் எழுவதா என்பதை அவரவரே ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.

பிற சமயத்தார் முடிவுகள்

மற்றச் சமயத்தார் இவ்வினாவை எதிர்கொண்ட முறையும் அறியத்தக்கது. அப்போது இஸ்ரேலின் தலைமைக் குருமார்களுள் ஒருவராக இருந்த டேவிட் லாவ், 2023 ஜனவரியில், அந்நாட்டு நிறுவனம் ஒன்று வளர்த்த மாட்டிறைச்சி யூத உணவு நெறிக்கு ஏற்றதென்றும், சில வரையறைகளுக்கு உட்பட்டு ஊனும் பாலும் அல்லாத நடுநிலை உணவாக அதனைக் கொள்ளலாம் என்றும் கருத்துரைத்தார். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வா குழு 2024 பிப்ரவரியில், உண்ணத் தகுந்த விலங்கின் உயிரணுக்களிலிருந்து, விலக்கப்பட்ட பொருள் கலவாது வளர்க்கப்பட்ட இறைச்சி ஹலால் ஆகலாம் என அறிவித்தது.

இந்துக்களுக்கோ இத்தகைய தீர்ப்புரைக்கும் ஒரே தலைமைப் பீடம் இல்லை. கோயில் நிருவாகம் வேறு, கொள்கை முடிவு வேறு. எனவே இவ்வினா கோயிலில் முடிவாகாது, வீட்டின் சமையலறைக்கே வந்து சேர்கிறது. தாத்தாவும் பேரனும் ஒரே மேசையில் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய வினாவாக அது நிற்கிறது. இது குறையெனத் தோன்றினும், ஒவ்வொருவரும் தம் நோன்பின் காரணத்தைத் தாமே அறிந்து கூற வேண்டிய நிலை கல்விக்கு உகந்ததே ஆகும்.

நனிசைவர் எழுப்பும் தடைகள்

பாலும் தேனும் உட்பட விலங்கினின்று வரும் எதையும் கொள்ளாதவரை நனிசைவர் என்பர். ஆங்கிலத்தில் இக்கொள்கைக்குரிய சொல் 1944இல் டொனால்ட் வாட்சன் என்பாரும் அவர் தோழரும் வழக்கிற்குக் கொணர்ந்ததாகும். இவர்களுக்குக் கொலை ஒன்றே குற்றமன்று. விலங்கைக் கருவியாகப் பயன்படுத்தலும் குற்றமே. விலங்குரிமை இயக்கத்தாரிடையே இது குறித்துக் கருத்து வேற்றுமை உண்டு. விலங்குரிமை அமைப்பாகிய பீட்டா, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கோழியை முதலில் சந்தைக்குக் கொணர்பவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என 2008இலேயே அறிவித்தது. விலங்கு விடுதலை பற்றி 1975இல் நூல் எழுதிய மெய்யியலார் பீட்டர் சிங்கர், நெடுங்காலம் புலால் நீக்கியவராயினும் இவ்வூனை வரவேற்றார். வேறு சிலரோ, விலங்கின் உடல் மனிதனுக்கு உணவு என்னும் எண்ணத்தையே இது நிலைநிறுத்துகிறது என்று மறுக்கின்றனர்.

அவர்கள் எழுப்பும் தடைகளுள் மிக வலியது ஊட்டநீர் பற்றியது. உயிரணுக்களை வளர்க்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது கன்றுக்கருவின் குருதியிலிருந்து பிரித்த சீரம் ஆகும். சினைப்பசுவைக் கொல்லும்போது அதன் வயிற்றுக் கருவிலிருந்து எடுக்கப்படுவது அது. 2020இல் சிங்கப்பூரில் ஒப்புதல் பெற்ற கோழியிறைச்சியின் ஆக்கத்திலும் சிறிதளவு அது இடம்பெற்றது. கோழியைக் கொல்லாமல் பெற்ற ஊனுக்குப் பின்னால் பசுவும் கன்றும் இறந்திருந்தன. அந்நிலையில் அதனைக் கொலையற்றது எனக் கூறுதல் உண்மையாகாது. 2023 ஜனவரியில் சீரம் கலவாத ஊட்டநீரில் வளர்ப்பதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு இசைவளித்தது. ஒரே பெயருடைய ஒரே பண்டம் 2020இல் ஒரு விடையும் 2023க்குப் பின் வேறு விடையும் பெறுகிறது என்பது இதனால் விளங்கும். அறமுடிவு பண்டத்தின் பெயரைக் கொண்டு கூறப்படுவதன்று. அஃது ஆக்கப்பட்ட வழியைக் கொண்டே கூறப்படுவது.

நூற்றுக்கு 3 பங்கு உயிரணு மட்டுமே உள்ள பண்டத்தைச் சைவம் எனலாமா என்னும் வினாவுக்கும் இதுவே விடை. அளவு சிறிதாதலால் குற்றம் நீங்காது. வழி தூயதாயின் அளவு பெரிதாதலால் குற்றம் சேராது.

இதற்கு முன்னிகழ்ச்சியும் உண்டு. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி ஆக்க, இளங்கன்றைக் கொன்று அதன் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டு வந்தது. 1990இல் அந்நொதியை நுண்ணுயிர்களைக் கொண்டே ஆக்கும் முறைக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது. நொதியின் அமைப்பு கன்றிடமிருந்து பெற்ற அறிவே. எனினும் கன்று கொல்லப்படாமையால் சைவ உணவினர் பலர் அதனை ஏற்றனர். பால் அருந்தும் சைவர் கலத்து ஊனை வன்மையாக மறுக்குமுன், பால்தொழிலில் ஆண்கன்றுகளுக்கு நேரும் முடிவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்று நனிசைவர் கூறுவதும் புறக்கணிக்கத்தக்கதன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படும். கலத்து ஊனை உண்பதும் அதனை எதிர்ப்பதும் வேறுவேறு வினாக்கள். புலால் துறந்தவர் இதனை உண்ணக் கடமைப்பட்டவர் அல்லர். நோன்பு ஏற்றவர் நோன்பைக் காத்தலும், சுவையை வென்றவர் வென்ற நிலையில் நிற்றலும் அவரவர் உரிமை. நோன்பின் நோக்கம் புலனடக்கமாயின், கலத்து ஊன் நோன்புக்குப் பொருந்தாது என்பதும் தெளிவு. ஆனால் உண்ணாமைக்குரிய இக்காரணங்கள் எதிர்ப்பதற்குரிய காரணங்கள் ஆகா. விலங்கைக் கொல்லாமல், சீரம் கலவாமல், ஆக்கிய வழியை மறைக்காமல் விற்கப்படும் ஊனைக் கொலைப்பண்டம் எனப் பழித்தல் கொல்லாமை அறத்துக்கே இழுக்காகும். இத்தகைய பண்டங்களின் உறைமேல் அவற்றின் உண்மையியல்பைக் குறிக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் விதி உள்ளது. அறிந்து கொள்ளவும் அறிந்து தள்ளவும் அது வழி செய்கிறது.

இப்பண்டத்தால் காக்கப்படும் உயிர்கள் சைவரால் காக்கப்படும் உயிர்கள் அல்ல. அவற்றைச் சைவர் முன்பே காத்துவிட்டனர். இனிக் காக்கப்பட வேண்டியவை ஊனுண்பார்க்காகக் கொல்லப்படும் உயிர்களே. ஆகவே இதன் பயன் ஊனுண்பவர் இதற்கு மாறுவதைப் பொறுத்தது. நாகர் தலைவனிடம் சாதுவன் பேசியதுபோல் அவர்களோடு பேசும் சைவர், தாம் உண்ணாமலே உயிர்களுக்குப் பெருநன்மை செய்தவராவர்.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. குறளின் 26ஆம் அதிகாரத்தைத் தேர்வுக்குரிய மனப்பாடப் பகுதியாக மட்டும் கொள்ளாமல், அதன் ஒவ்வொரு காரணத்தையும் தேக்காவில் விற்கும் கோழியின்மேலும் கலத்தில் வளர்ந்த கோழியின்மேலும் வைத்து வகுப்பறையில் ஆராயலாம். மண்ணுருவத்தையும் மாக்கோழியையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கலாம். பழைய நூல்கள் புதிய வினாவுக்கு ஆயத்த விடை தருவதில்லை. எவ்வினாவை முதலில் கேட்க வேண்டும் என்பதை அவை கற்பிக்கின்றன. உயிர் துன்புற்றதா என்பதே முதல் வினா. தட்டில் இருப்பது யாது என்பது அதன் பின்னரே.